ஏழாவது கட்டம்: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

போன மாதம் திவ்யா போன் செய்தார். துவாக்குடியில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த பட்டறையில் தரச் சோதனைப் பிரிவுக்கு இப்போது அவர்தான் தலைமை.

"சார், ஹைட்ரோ டெஸ்ட் படிவத்துல ஏழாவது கட்டம் ஒன்னு இருக்குல்ல? 'தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் கொண்டு வந்தார், யார் பார்த்தார்'னு. வேற எந்தப் பட்டறையிலயும் இப்படி ஒரு கட்டம் இல்ல. எல்லாப் படிவத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்துறோம், இதை எடுத்துடலாமான்னு கேக்குறாங்க. உங்களாலதான் வந்துச்சுன்னு சொல்றாங்க. எதுக்கு சார் அது?"

"எழுதித் தரேன்ம்மா."

"சுருக்கமா சொல்லுங்களேன் சார்."

"சுருக்கமா வேணுமா? நான் பொய் சொன்னேன். அதனால வந்துச்சு. போதுமா?"

எழுதியே அனுப்புங்கள் என்றார். எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த மாதிரி சொல்ல வரும்.

என் ஊர் உப்பிலியபுரம் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், நிறையக் கோபம். நிலம் போய்விட்டது, கோபம் எனக்கு வந்தது. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தேன். பயிற்சியில் கையைச் சுட்டுக்கொண்டது, கண் வீங்கியது, வாத்தியாரிடம் திட்டு வாங்கியது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். துவாக்குடிப் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். பாய்லருக்கும் மின் நிலையங்களுக்கும் தேவையான பெரிய இரும்புப் பாத்திரங்கள் செய்வோம். உறையூரில் குடியிருந்தேன். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். அவ்வளவுதான் என் வரலாறு.

வெளியாட்களுக்காக ஹைட்ரோ டெஸ்ட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செய்து முடித்த பாத்திரத்துக்குள் தண்ணீரை நிரப்ப வேண்டும். உச்சியில் இருக்கிற சிறு வழியாகக் காற்று முழுக்க வெளியேற வேண்டும். பிறகு பம்ப் வைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நிறுத்தி, ஏற்றி, நிறுத்தி, குறித்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டுவைக்க வேண்டும். அழுத்தம் காட்டும் இரண்டு மானிகளும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அப்புறம் டார்ச் லைட்டோடு ஒவ்வொரு வெல்டையும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு துளி வியர்த்தாலும் பாத்திரம் தோற்றது. துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் தண்ணீரையும் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் அந்த எஃகுக்கு விஷம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உப்பு குழாயின் இடுக்கில் தங்கி, சில வருடம் கழித்துச் சூட்டில் எஃகை விரிசல் விட வைக்கும். அதனால் எஃகுப் பாத்திரம் என்றால் எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்பான போர்த் தண்ணீரைப் பட்டறை தொடாது. லாரியில் காவேரித் தண்ணீர் வரும். அதைப் பரிசோதித்த லேப் ரிப்போர்ட் கூடவே வரும்.

இந்த ஒழுங்கெல்லாம் ராகவன் சார் வைத்தது. அப்போது அவர்தான் தரச் சோதனைக்கு மேலாளர். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் கத்துவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார், கடைசியில் "ஆச்சா ஓய்?" என்பார். அத்தோடு என் கத்தல் தீர்ந்துவிடும். ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிப்பார். சந்தேகமான இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியையும் அழித்த பிறகுதான் பேனா வெளியே வரும். டெஸ்டுக்கு வருகிற தண்ணீரைக்கூட அவர் தண்ணீர் என்று சொல்ல மாட்டார். "தீர்த்தம் வந்துதா?" என்றுதான் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை.

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்பு நியூசிலாந்திலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அந்த நாட்டின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். அவர்களில் ஒரு குலத்தார், தங்கள் மண்ணுக்கு அடியிலிருந்து வரும் கொதிநீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எங்களிடம் கேட்டது வெப்ப மாற்றி. எஃகுக் குழாய்களுக்குள் கொதிநீர் ஓடும், வெளியே வேறு திரவம் ஓடும். சூடு மட்டும் கைமாறும். எடுத்த நீரையும் அதோடு வருகிற வாயுவையும் திரும்ப மண்ணுக்குள்ளேயே அனுப்ப வேண்டும், வானத்தில் விடக் கூடாது என்பது அவர்களே போட்ட நிபந்தனை.

எங்கள் முதலாளிக்கு ஒன்றுதான் புரியவில்லை. "கம்பெனிக்கு ஓனர் யாருய்யா?"

ராகவன் சார் சொன்னார்: "அந்த மலையைச் சுத்தி இருக்கற குடும்பங்கள் அத்தனையும் ஓனர்."

"அது சரி, நான் யாருக்குய்யா போன் போடுறது?"

"ஆள் வராங்க. அவங்க குலத்துலேர்ந்தே ஒருத்தங்க. வெல்டிங் இன்ஸ்பெக்டர்."

அவர்தான் மெரே. அவர் வருவதற்கு முன் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் முன்னால் நடக்கிற டெஸ்டுக்கு முன்பு, நாங்களே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது வழக்கம். வந்தவர் முன்னால் ஒழுகி மானம் போகக் கூடாது என்பதற்காக. அந்த முன் சோதனையை ஆடிப் பதினெட்டில் வைத்தேன். அன்று திருச்சியே ஆற்றில் இருக்கும் என்று தெரியாதவனா நான்? ராகவன் சார் லீவு. லாரி டிரைவர் காலையில் போன் செய்தான். "அண்ணே, கரைப் பக்கம் வண்டி நகரல. ஜனம் நிக்குது. நான் வேற என் சம்சாரத்தை அங்க விட்டுட்டு வந்துட்டேன், தாலிக்கயிறு மாத்தணுமாம். நாளைக்கு வரேண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை முந்தும். போரைத் திறந்து நிரப்பச் சொன்னேன்.

பிட்டர் கணேசன் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணே, அய்யங்கார் சார் வந்தா கேப்பாரே."

"எல்லாம் தண்ணிதான்டா. புடி."

டெஸ்ட் பாஸ். ஒரு துளி ஒழுகவில்லை. வடித்துவிட்டோம். படிவத்தின் ஓரத்தில் 'காவேரி நீர்' என்று எழுதி, போன லாரியின் லேப் ரிப்போர்ட்டைச் சேர்த்துப் பின் அடித்தேன். மறுநாள் ராகவன் சார் வந்தார். ஸ்கேலை வைத்துப் படித்தார். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஊர் முழுக்க ஆற்றைக் கும்பிட்ட நாளில், நான் மட்டும் ஆற்றின் பெயரில் பொய் எழுதினேன். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது.

பத்து நாளில் மெரே வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண், குட்டை முடி, பெரிய பூட்ஸ். தாடையில் பச்சை குத்தியிருந்தார்.

"எங்க அத்தைக்கும் தாடையில பச்சை இருக்குண்ணே," என்றான் கணேசன். "ஆனா எங்க அத்தை டார்ச் லைட்டோட டேங்குக்குள்ள எறங்காது."

வந்ததும் பாத்திரத்தைப் பார்ப்பார் என்று நினைத்தோம். இல்லை. எங்களை வட்டமாக நிற்கச் சொன்னார். முதலில் அவர் மொழியில் பேசினார், பிறகு ஆங்கிலத்தில். என் மலை இது, என் ஆறு இது, என் மக்கள் இவர்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் தன் பெயரைச் சொன்னார். அந்த மலையின் பெயரை இங்கே தப்பாக எழுதி அதை அவமதிக்க எனக்கு விருப்பமில்லை, விட்டுவிடுகிறேன். மலை, ஆறு, மக்கள், பிறகுதான் பெயர் என்று சொல்வது அவர்கள் வழக்கமாம். ஒரு வேலையில் சேர்ந்து இறங்குகிறவர்கள், யார் எந்த மண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"இப்ப நீங்க," என்றார்.

ராகவன் சார் தயங்கவே இல்லை. "மலைன்னா எங்களுக்கு மலைக்கோட்டைதான். ஆறு ரெண்டு. தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். நடுவுல பெருமாள். அவர் காலடியில அடியேன், ராகவன்." அதை அப்படியே ஆங்கிலத்திலும் சொன்னார்.

கணேசன், "மலை பொன்மலை மேடம். ஆறு... உய்யக்கொண்டான் வாய்க்கால்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மெரே சிரிக்கவில்லை, வாய்க்கால் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

என் முறை. "பச்சைமலை. காவேரி. பெரியண்ணன்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் பாத்திரத்தின் மேல் கையை வைத்தார். வைத்தபடியே கேட்டார்: "இதுக்குள்ள இதுவரைக்கும் எந்தத் தண்ணி போயிருக்கு?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். ஃபோர்மேன் நான்தானே.

"காவேரி மேடம். ஒன்லி காவேரி."

ராகவன் சார் தலையை ஆட்டினார். அவர் நம்பித்தான் ஆட்டினார். இன்றைக்கும் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

டெஸ்ட் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மெரே, தண்ணீர் வருகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் ஆற்றுத் தண்ணீரை எடுக்கக் கூடாதாம். ராகவன் சாருக்கு ஒரே சந்தோஷம். மூன்று பேரும் காரில் முக்கொம்பு போனோம். அணையில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் காவேரி இரண்டாகப் பிரிகிறது. மெரே படியில் இறங்கி, தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அவர் மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்துப் படியில் ராகவன் சாரும் அதையே செய்துகொண்டிருந்தார், அவருடைய வார்த்தைகளில். நான் மேலே நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு மரத்தடியில் உட்கார்ந்தோம். மெரே பேசினார். ராகவன் சார் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் பாதி புரிந்தது.

அவர் ஊரில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அவர் அம்மா கிழங்கைக் கூடையில் வைத்து ஊற்றில் இறக்கித்தான் வேகவைப்பார். குழந்தை பிறந்தால் முதல் குளியல் அதில்தான். மெரே சின்னப் பெண்ணாக இருந்தபோது வெளியாட்கள் வந்து ஆழமாகத் துளை போட்டார்கள். எங்களைக் கேட்கவில்லை என்றார். ஊற்றுக்குச் சேதம் இல்லை என்று காகிதத்தில் மட்டும் எழுதியிருந்தார்களாம். ஒரு நாள் அம்மா கிழங்கை இறக்கினார். மத்தியானம் வரைக்கும் வேகவில்லை. அந்த ஒரு ஊற்று ஆறிப்போயிருந்தது.

"அந்தக் காகிதத்தில் கையெழுத்து போட்டவனைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை எனக்கு," என்றார் மெரே. "கெட்டவனா இருக்க மாட்டான். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைச்சவனா இருப்பான். அதான் இந்தத் தடவை நாங்களே கட்டுறோம், நாங்களே பார்க்கிறோம். புகை போடாம விளக்கு எரியணும். எங்க பேரப்பிள்ளைங்க குளிக்க மிச்ச ஊற்றும் இருக்கணும். இந்தப் பாத்திரம் விரிசல் விட்டா, 'உங்களுக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு சொல்றதுக்கு எங்க நாட்டுல நிறையப் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். அவர் தேடிக்கொண்டிருந்த மாதிரி ஆள் நான்தான், எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"சார்," என்றேன். "அது காவேரி இல்ல."

"எது ஓய்?"

"ஆடிப் பதினெட்டு அன்னிக்கு ரொப்புனது. போர்த் தண்ணி. லாரி வரல. நான்தான் ரொப்பச் சொன்னேன். ரிப்போர்ட்டு பழசு."

ராகவன் சார் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அதுல என் கையெழுத்தும் இருக்கே, ஓய்," என்றார். அவ்வளவுதான். பிறகு மெரே பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை விடாமல், எனக்காக எதையும் மழுப்பாமல் ஆங்கிலத்தில் சொன்னார். 'நாங்கள்' என்றுதான் சொன்னார், 'அவர்' என்று சொல்லவில்லை. அது எனக்குப் புரிந்தது.

மெரேயின் முகம் சிவந்தது. "வேற என்ன பொய்?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். ஒன்று பாக்கி இருந்தது. "என் ஆறு காவேரி இல்ல. அய்யாறு. எங்க ஊரு பக்கம் வருது. வருஷத்துல பாதி நாள் மணல்தான் கிடக்கும். சொல்லிக்கிற மாதிரி இருக்காதுன்னு காவேரின்னு சொன்னேன்."

"வத்தின ஆத்தைத்தான் யாராவது சொல்லிக்கிட்டே இருக்கணும்," என்றார். பிறகு எழுந்து கார் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை முதலாளி குதித்தார். "உன்னை யாருய்யா சொல்லச் சொன்னது? இன்னும் அஞ்சாறு வருஷத்துக்கு எவனுக்கும் தெரிஞ்சிருக்காதே! கணக்கை முடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போ!"

நான் டிபன் பாக்ஸை எடுத்துவிட்டேன். மெரே வாசலில் குறுக்கே நின்றார். ராகவன் சாரை மொழிபெயர்க்கச் சொன்னார். "இவர் வெளியே போனா பாத்திரத்தை நான் நிராகரிக்கிறேன். இவர் இருந்து சரி பண்ணினா, பார்க்கிறேன். உண்மையைச் சொன்ன ஒரே ஆளை அனுப்பிட்டா, அடுத்த தடவை எனக்கு யாரு சொல்லுவா?"

முதலாளி தன் அறைக்குள் போய்விட்டார். நானும் டிபன் பாக்ஸை வைத்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் பட்ட பாடு எந்தப் பயிற்சியிலும் பட்டதில்லை. வடித்தாலும் கொஞ்சம் தண்ணீர் குழாய்களின் அடி வரிசையில் தங்கிவிடும். முதலில் அடி வரிசையில் சில குழாய்களை எடுக்க வேண்டும். முனை வெல்டை மெல்ல அரைத்து நீக்கி, குழாயைப் பிடித்திருக்கும் தகட்டின் ஓட்டையில் கீறல் விழாமல், குழாயை உருவ வேண்டும். யாரையும் தொடவிடவில்லை, நானே உருவினேன். நெடுக்கே பிளந்து, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தோம். குழி இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு கசிந்து வரும். முதல் குழாய் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் குண்டூசித் தலையளவு இரண்டு சிவப்புப் புள்ளிகள். மெரே அதைத் தொட்டுக் காட்டினார். அந்தச் சில நாளுக்குள்ளேயே அரிப்பு ஆரம்பித்துவிட்டிருந்தது.

அடி வரிசைகள் முழுவதையும் மாற்றினோம். மற்றக் குழாய்களை உப்பு நீக்கிய தண்ணீரால் கழுவினோம். ஒவ்வொரு கழுவலிலும் கடைசியாக வடிகிற தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட வேண்டும். உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். ராகவன் சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். மெரே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"மோர் மாதிரி இருக்கு ஓய். மறுபடி."

மறுபடி கழுவுவேன்.

"இப்ப நீர்மோர். மறுபடி."

"சார், உங்களுக்குப் பசிக்குதா?" என்பான் கணேசன்.

எத்தனை தடவை கழுவினேன் என்று எண்ணவில்லை. ஒரு நாள் காலை சொட்டு விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் தண்ணீராகவே நின்றது. ராகவன் சார் அதை மெரேயிடம் கொடுத்தார். மெரே என்னிடம் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண் எரிந்தது. வெல்டர் கண், அப்படித்தான் எரியும்.

கடைசி டெஸ்டுக்குத் தண்ணீர் எடுக்க ராகவன் சார் தானே லாரியில் போனார். டிரைவர் பக்கத்தில் திருமண்ணோடு உட்கார்ந்து, லேப் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்து இறங்கினார். "தீர்த்தம் வந்துடுத்து," என்றார். எனக்கு எரிச்சல் வரவில்லை. அழுத்தம் ஏறியது, நின்றது. இரண்டு மானியும் ஒரே எண். மெரே டார்ச்சோடு சுற்றி வந்தார். ஒரு வியர்வை இல்லை.

கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது மெரே படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழுத்தத்துக்கு கட்டம் இருக்கு, நேரத்துக்கு இருக்கு, மானி நம்பருக்கு இருக்கு. ரிப்போர்ட்டைப் பின் அடிச்சா போதும்னு விட்டிருக்கீங்க. தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒருத்தர் தன் கையால எழுத எடமே இல்லையே," என்றார். ராகவன் சார் ஸ்கேலை எடுத்து, ஆறாவது கட்டத்துக்குக் கீழே நேராக ஒரு கோடு போட்டார். அந்தக் கோடுதான் திவ்யா கேட்கிற ஏழாவது கட்டம். அடுத்த மாதமே எல்லாப் படிவத்திலும் அதை அச்சடித்துவிட்டார். ஆடிப் பதினெட்டில் நான் எழுதிய படிவத்தையும் அவர் கிழிக்கவில்லை. என் பொய்யின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, என்னையும் கையெழுத்துப் போட வைத்து, தானும் போட்டு, கோப்பில் வைத்தார். இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

மெரே கிளம்பும்போது டெஸ்ட் முடிந்து வடித்த தண்ணீரில் ஒரு சின்னக் குப்பி கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வீடியோ அனுப்பினார். நிலையத்தைத் திறக்கும் நாள். பச்சைப் புல் சரிவு, பின்னால் அவர்கள் மலை, நடுவே எங்கள் பாத்திரம். ஒரு வயதானவர் கோலை ஊன்றி நின்று நீளமாகப் பேசுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திடீரென்று காவேரி என்றார். கொள்ளிடம் என்றார். உய்யக்கொண்டான் என்று கஷ்டப்பட்டுச் சொல்லி முடித்தார். பிறகு பச்சைமலை. பிறகு அய்யாறு. மெரே அந்தக் குப்பியைத் திறந்து ஊற்றுத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றினார். ஊற்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கத்துக்குப் போய் ராகவன் சாரிடம் காட்டினேன். இப்போது அவருக்குக் காது மந்தம். போனைக் காதோடு வைத்துக்கொண்டு மூன்று தடவை போடச் சொன்னார். "உம்ம ஆத்தைச் சொல்றார் ஓய்," என்றார். "கேட்டுது சார்," என்றேன்.

திவ்யா, அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. முதன்முதலில் நிரப்பிய படிவத்தின் நகலை இத்துடன் அனுப்புகிறேன். ராகவன் சாரின் எழுத்து. 'தண்ணீர்: காவேரி. கொண்டு வந்தவர்: ராகவன். பார்த்தவர்: பெரியண்ணன், அய்யாறு.' கம்ப்யூட்டரில் இதற்கு இடம் இல்லை என்று யாராவது சொன்னால், என்னிடம் பேசச் சொல்லுங்கள்.